பேட்டரித் தட்டு

தம்பி பதினொரு மணிக்கு வருகிறேன் என்றால், பன்னிரண்டுக்கு முன்னால் அவனை எதிர்பார்ப்பது அவனைப் பெற்றவர்களே செய்யாத காரியம். தெரிந்திருந்தும் அவள் பத்தரை மணிக்கே பட்டறை வாசலில் நின்ற வேனின் பானெட்டைத் தூக்கிக் கம்பியை முட்டுக் கொடுத்துவிட்டு, தெருமுனையைப் பார்ப்பதும் உள்ளே போய்ச் சுவர்க்கடிகாரத்தைப் பார்ப்பதுமாக இருந்தாள். கழற்றிய பேட்டரி கீழே ஒரு பலகையின் மேல் இருந்தது. அது உட்கார வேண்டிய இடத்தில் துருவும் காற்றும் மட்டுமே இருந்தன.

இன்றைக்கு விட்டால் வேறு நாள் இல்லை. மாலை நாலு மணிக்கு வண்டிப் பரிசோதனை நிலையத்தின் இரும்புக் கதவைச் சாத்திவிடுவார்கள்.

பதினைந்து நாளுக்கு முன்னால் அவள் அங்கே ஒருமுறை போய்த் திரும்பியிருந்தாள். பேனாவைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்த பரிசோதகர் எஞ்சினுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். பேட்டரி வைக்கும் தட்டை அமிலம் தின்று தின்று சல்லடையாக்கியிருந்தது. பாதி உதிர்ந்தே போயிருந்தது. மிச்சமிருந்த பாதியோடு பேட்டரியைச் சேர்த்து, மெழுகு தேய்த்த தையல் நூலை நாலு மடிப்பாக்கி, ஒவ்வொரு முடிச்சும் சம இடைவெளியில் விழும்படி கட்டி வைத்திருந்தாள். எட்டு மாதமாக அது அசையவில்லை. பரிசோதகர் அந்த நூலை ஒரு விரலால் சுண்டினார்.

“என்னம்மா இது?”

“பைண்டிங் நூல் சார். அறுகாது.”

“நீங்க கொண்டுவந்தது வண்டியா, புஸ்தகமா?”

பின்னால் வரிசையில் நின்ற டிரைவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. தாளில் ஒரு கட்டத்தில் பெருக்கல் குறி போட்டுப் பதினைந்து நாள் தவணை எழுதிக் கொடுத்தார். அதற்குள் சரிசெய்து கொண்டுவராவிட்டால் பதிவு ரத்து. இருபது வயது தாண்டிய வண்டிக்கு ஒருமுறை ரத்தானால் மறுபதிவு கிடையாது. வேனுக்கு இருபத்தாறு வயது. அப்புறம் நேராகக் காயலான் கடைதான்.

அவள் புத்தகம் கட்டுகிறவள். தெருவில் எல்லாருக்கும் பைண்டரம்மா. கல்லூரி நூலகங்களிலிருந்தும் அலுவலகங்களின் பதிவறைகளிலிருந்தும் உதிரித் தாள்களை மூட்டை மூட்டையாக இந்த வேனில்தான் ஏற்றி வருவாள். தைத்து, ஒட்டி, அட்டை போட்டு, இதே வேனில் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுப்பாள். வேன் போனால் மூட்டை வராது. மூட்டை வராவிட்டால் பட்டறை எதற்கு? இந்தக் கேள்விக்கு அவளுடைய கணவர் அவளைக் கேட்காமலே ஒரு பதில் கண்டுபிடித்து வைத்திருந்தார். ஊருக்கு வெளியே உள்ள பெரிய அச்சகத்தில் மேலாளர் அவருக்குத் தெரிந்தவர். ஒருவேளை வண்டி தேறாவிட்டால் அவள் திங்கட்கிழமை அங்கே வேலைக்கு வருவாள் என்று சொல்லி வைத்துவிட்டார்.

“சும்மா ஒரு பாதுகாப்புக்குத்தாம்மா” என்றார்.

அந்த அச்சகத்தை அவள் பார்த்திருக்கிறாள். நீண்ட மேசையில் நாற்பது பேர் உட்கார்ந்து பரீட்சைத் தாள்களுக்குக் கம்பி அடித்துக்கொண்டிருப்பார்கள். மணி அடித்தால் எழுந்திருப்பார்கள், மணி அடித்தால் உட்காருவார்கள். என்ன நூல், என்ன துணி, முதுகு வளைவா தட்டையா என்று ஒரு கேள்வியும் அங்கே கிடையாது. இருபது வருஷமாக ஒரு புத்தகத்தைக் கையில் எடுத்ததும் இதற்கு எது பொருந்தும் என்று பேசாமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பாளே, அந்தக் கொஞ்ச நேரத்துக்கு அங்கே இடமில்லை. அவளுக்குத் தூக்கம் கெட்டது அதனால்தான். இதைக் கணவரிடம் சொன்னால், “பேசாம உக்காந்திருக்கிறதுக்கா பட்டறை?” என்பார். சொல்லவில்லை.

புதுத் தட்டு எங்கும் கிடைக்கவில்லை. உதிரிபாகக் கடைக்காரர் மாடலின் பெயரைக் கேட்டதும், “இதைச் செஞ்ச கம்பெனிக்காரனே மறந்திருப்பான், நீங்க ஏங்க ஞாபகம் வச்சிருக்கீங்க?” என்றார். காயலான் கடையில் ஒரு தட்டு கிடைத்தது. அது அவளுடையதைவிட மோசமாக இருந்தது. கழுதை கெட்டால் குட்டிச்சுவர். அதனால் தானே செய்துவிடுவது என்று முடிவு செய்தாள். தட்டு என்பது என்ன? ஓர் அடிப்பக்கம், நாலு விளிம்பு. அட்டைப்பெட்டி செய்யத் தெரிந்தவளுக்கு இது ஒரு வித்தையா?

தடித்த அட்டையை வெட்டி எஞ்சினுக்குள் வைத்து வைத்துப் பார்த்து மாதிரி எடுத்தாள். வேலை அவள் நினைத்ததைவிடக் கோணலாக இருந்தது. பேட்டரி உட்காரும் இடத்தின் பக்கச் சுவர் நேராக இல்லை, பின்னால் போகப்போக உள்பக்கம் சாய்ந்து வந்தது. ஆகவே தட்டு முன்னால் அகலம், பின்னால் குறுகல். சுவரோடு ஒட்டும் விளிம்பு மட்டும் மற்றவற்றைவிட உயரம், அதில்தான் மூன்று போல்ட் ஏறவேண்டும். மூன்று நாள் வெட்டி ஒட்டி, கடைசியில் அட்டைத் தட்டு சுவரோடு நகக்கண் இடைவெளிகூட இல்லாமல் உட்கார்ந்தது. ஆனால் அட்டையில் பேட்டரி வைக்க முடியாது. தகரம் வேண்டும். தகரம் என்றால் தம்பி.

தம்பி பெரிய கட்டடங்களுக்குக் குளிர்காற்று போகும் தகரக் குழாய்கள் செய்கிற இடத்தில் இருக்கிறான். கூட்டாளிகள் அவனைத் தகரம் என்றே கூப்பிடுவார்கள். செய்கிற வேலையால் வந்த பெயரா, ஓயாத வாயால் வந்த பெயரா என்று கேட்டால் அவனே இரண்டும் என்பான். அவனிடம் பேசினால் அவளுக்குத் தலை வலிக்கும். பேசாமலிருந்தாலும், அவள் பேசாமலிருப்பதைப் பற்றி அவன் பேசுவான்.

“மடிச்ச அட்டையெல்லாம் வேணாம்க்கா, விரிச்சு வரைஞ்சு குடு. எங்க மிஷின்ல மடிச்சுக் கொண்டாறேன், அரை மணி நேர வேலை” என்றான் போனில்.

அரை மணி நேர வேலைக்குப் பதினோரு நாள் ஆயிற்று. தினமும் நாளைக்கு என்றான். ஒருநாள் இதையும் சொன்னான்: “போனாப் போகட்டும்க்கா அந்தக் கிழட்டு வண்டி. அச்சகத்துல மாசம் பொறந்தா சம்பளம், ஃபேனுக்குக் கீழ வேலை. நோகாம இருக்கலாம்ல?” அவள் போனை வைத்தாள்.

பன்னிரண்டே காலுக்கு மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான். தோளில் பை, கக்கத்தில் செய்தித்தாள் சுற்றிய பொட்டலம்.

“என்னக்கா, உன் வேன் மகாராணி வாயப் பொளந்துட்டு நிக்கிறா? பல் டாக்டருக்குக் காத்திருக்கிறாளா?”

“மணி என்ன?”

“வந்ததும் மணியா? வாடா தம்பி, தண்ணி குடிக்கிறியான்னு ஒரு வார்த்தை... சரி சரி, முறைக்காத. இந்தா பாரு.”

செய்தித்தாளைப் பிரித்தான். அவளுக்கு ஒரு கணம் எல்லாக் கோபமும் மறந்துபோயிற்று. கறுப்பு வண்ணம் பூசி, நாலு மூலையிலும் ரிவிட் அடித்து, ஒரு கோடு பிசகாமல் தட்டு மின்னியது. அதற்கே அளவாக வெட்டிய ரப்பர் விரிப்பு ஒன்றும் உள்ளே கிடந்தது.

“எப்படி?” என்றான்.

“நல்லா இருக்கு” என்றாள். அது அவள் வாயிலிருந்து வருவது அபூர்வம் என்பதால் அவன் அதை இன்னொரு முறை சொல்லச் சொன்னான். சொல்லவில்லை.

எஞ்சினுக்குள் இறக்கி வைத்தான். தட்டு ஒரு பக்கமாகத் தலையைத் தூக்கிக்கொண்டது. எடுத்து மறுபடி வைத்தான். பின்மூலை சுவரில் இடித்தது. முன்மூலைக்கும் சுவருக்கும் நடுவே நாலு விரல் போகிற இடைவெளி. போல்ட் துளைகள் மூன்றும் காற்றைப் பார்த்துக்கொண்டிருந்தன. திருப்பி வைத்தான். இப்போது உயரமான விளிம்பு எஞ்சின் பக்கம் வந்து நின்றது.

“வண்டி கோணலா இருக்குக்கா.”

“வண்டி இருபத்தாறு வருஷமா அப்படியேதான் இருக்கு.”

“அப்ப உன் அளவு தப்பு.”

“என் அளவா? அட்டை உக்காந்துச்சுடா. நகம்கூடப் போகல.”

“அட்டை வளையும், அமுக்கினா உக்காரும். தகரம் நேர்மையானது, தப்புன்னா தப்புன்னு சொல்லிடும்.”

“ஆடத் தெரியாதவ மேடை கோணல்னாளாம்.”

“நானா ஆடத் தெரியாதவன்? பதினேழு மாடிக் கட்டடத்துக்குக் குழாய் போட்டவன் நான்!”

பேசிக்கொண்டே தட்டைக் கவிழ்த்து வைத்தான், வெறும் எரிச்சலில்தான். சுவரோடு சுவராக, நகம் போகாமல் உட்கார்ந்தது. மூன்று துளைகளும் மூன்று துளைகளுக்கு நேரே நின்றன. விளிம்புகள் மட்டும் பூமியைப் பார்த்துத் தொங்கின.

இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“சரியாத்தான் உக்காருது” என்றான் அவன். “இனி பேட்டரிய அடியில ஒட்டிட்டு, வண்டியத் தலைகீழா ஓட்டிட்டுப் போகணும். அவ்வளவுதான்.”

அவள் சிரிக்கவில்லை. கண்ணாடியில் தெரிகிற கை மாதிரி, எல்லாம் சரியாகவும் எல்லாம் இடம் வலம் மாறியும் இருந்தது அந்தப் பொருள். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை. மூன்று நாள் அட்டை, பதினோரு நாள் காத்திருப்பு, திங்கட்கிழமை மணிச்சத்தம். இப்போது ஒரு நகைச்சுவை.

அந்த நேரம் பார்த்துக் கணவர் வீட்டுக்குள்ளிருந்து வந்தார். பட்டறையும் வீடும் ஒரே கூரைக்குக் கீழேதான். கையில் டீ டம்ளர்.

“என்ன, பொருந்தலையா?”

“பொருந்துது மாமா. தலைகீழா.”

“நான் அப்பவே சொன்னேன்.” எப்போது, என்ன சொன்னார் என்று அவர் சொல்லவில்லை. “விடும்மா. மேலாளர் காலையில மறுபடி போன் பண்ணிட்டாரு. நல்ல மனுஷன். ஒரு வாசல் மூடினா...”

“நீங்க உள்ள போறீங்களா?” என்றாள்.

அவர் டீயை அங்கேயே குடித்து முடிக்கலாமா என்று ஒரு கணம் யோசித்துவிட்டு உள்ளே போனார்.

தம்பி தட்டைப் பழையபடி நிமிர்த்தி வைத்து, அதற்கும் சுவருக்கும் நடுவே விரலை விட்டு அளந்துகொண்டிருந்தான். “இந்தச் சந்துல நாலஞ்சு வாஷர் போட்டு இழுத்துப் பிடிச்சுடலாம்க்கா. வாஷர் பத்தலன்னா உன் புஸ்தகத்துல ஒண்ணு, கொஞ்சம் மொத்தமானதா...”

“நீ வேணும்னுதானே இப்படிப் பண்ணிட்டு வந்த?”

சொன்ன பிறகுதான், தான் அதைச் சொல்லிவிட்டது அவளுக்குத் தெரிந்தது. குரல் ஏறவில்லை. அதனாலேயே வார்த்தை இன்னும் மோசமாக விழுந்தது.

“என்னது?”

“கிழட்டு வண்டி போனாப் போகட்டும்னியே. ஃபேனுக்குக் கீழ வேலைன்னியே. நீயும் மாமாவும் சேர்ந்து என்னை அங்க உக்கார வைக்கலாம்னு பார்க்கிறீங்க. பதினோரு நாள் இழுத்தடிச்சு, கடைசி நாள் மத்தியானம் பார்த்து இடம் வலம் மாத்தி ஒண்ணைக் கொண்டுவந்து நீட்டுற.”

தம்பி ஸ்பேனரைக் கீழே வைத்தான். எறியவில்லை. பேட்டரி இருந்த பலகையின் ஓரத்தில் மெதுவாக வைத்தான். பட்டறைப் படியில் போய் உட்கார்ந்து தெருவைப் பார்த்தான்.

அவளுக்கு மௌனம் புதிதல்ல. மௌனம் அவளுடைய வீடு, அதில் எந்த அறை எங்கே என்று அவளுக்குத் தெரியும். ஆனால் இது அவனுடைய மௌனம். நாற்பது வருஷத்தில் அவன் இப்படி உட்கார்ந்து அவள் பார்த்ததில்லை. எதிர்வீட்டில் யாரோ பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. மணி ஒன்றாகப் போகிறது. அவளும் நின்ற இடத்திலேயே நின்றாள்.

வேறு பார்க்க எதுவும் இல்லாததால் தட்டை வெளியே எடுத்துப் பார்த்தாள். முதலில் கண்ணில் படாதது இப்போது விரலில் பட்டது. நாலு விளிம்பின் மேல்முனையும் வெறுமனே வெட்டி விடப்படவில்லை. கையைக் கிழிக்காதபடி ஒரு சுற்று மடித்து, அதன்மேல் அரம் போட்டிருந்தது. தண்ணீர் தேங்காமல் வடிய அடியில் ஒரு துளை, அதன் வாயும் வழவழவென்று தேய்த்திருந்தது. வண்ணம் இரண்டு பூச்சு. உள்மூலைகளில்கூடத் தூரிகை போயிருந்தது. ஒருத்தியைக் கவிழ்க்க நினைக்கிறவன் அவள் கை கிழியக்கூடாது என்று விளிம்பை மடிப்பானா?

அந்தக் குடும்பத்தில் மன்னிப்புக் கேட்கிற பழக்கம் யாருக்கும் கிடையாது. அவள் அவனுடைய பையைத் திறந்து, தான் வரைந்து கொடுத்த தாளை எடுத்தாள். அவனுக்குப் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள்.

பல தடவை வெட்டி ஒட்டி எண்ணெய்க் கறை படிந்த அட்டையை அப்படியே கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. கெட்டித்தாளில் புதிதாக, அளவுகோல் வைத்து, வெட்டுகிற கோடு முழுக்கோடாகவும் மடிக்கிற கோடு புள்ளிக்கோடாகவும் அழகாக வரைந்து கொடுத்திருந்தாள். இப்போது புள்ளிக்கோட்டில் நகத்தால் கீறி, நாலு விளிம்பையும் மடித்து நிறுத்தினாள். காகிதத் தட்டு ஒன்று உருவாயிற்று. எழுந்து போய் எஞ்சினுக்குள் வைத்தாள். முன்னால் அகலம், பின்னால் குறுகல். உட்கார்ந்தது.

“வந்து பாரு” என்றாள்.

தம்பி வந்தான். காகிதத் தட்டைப் பார்த்தான், உள்ளே குனிந்து பார்த்தான். பிறகு அதை எடுத்து, விளிம்புகளை விரித்து, ஒவ்வொன்றையும் எதிர்ப்பக்கமாக மடித்து அவளிடம் நீட்டினான். அவன் கொண்டுவந்த தகரத் தட்டின் அதே வடிவம்.

“கோட்ட ஏன் உள்ள தள்ளி மடிக்கிற?” என்றான்.

“கோடு உள்ளதானே போகும்? கோடு வெளியில தெரிஞ்சா அது என்ன வேலை?”

“கோடு உள்ள போயிட்டா மடிக்கிறவன் எதைப் பார்த்து மடிப்பான்? மிஷின்ல கோடு நமக்கு நேரா இருக்கணும்க்கா, தகரம் அந்தப் பக்கம் விழணும். ஊர் உலகத்துல அப்படித்தான்.”

“எந்த ஊர்ல? இருபது வருஷமா ஒரு அட்டைகூட நான் கோடு வெளியில தெரிய மடிச்சதில்ல.”

“பதினெட்டு வருஷமா ஒரு குழாய்கூட நான் கோடு உள்ள போக மடிச்சதில்ல.”

அவள் அவனைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்த்தான். அவரவர் தொழிலில் அணுவும் பிசகாமல்தான் செய்திருந்தார்கள். யாராவது ஒருவர் கொஞ்சம் மட்டமான வேலைக்காரராக இருந்து, எந்தப் பக்கம் என்று ஒரு வார்த்தை சந்தேகம் கேட்டிருந்தால் தட்டு இந்நேரம் வண்டியில் இருந்திருக்கும்.

“‘மேல்பக்கம்’னு ஒரு வார்த்தை எழுதியிருக்கலாம் நான்” என்றாள் கடைசியில்.

“ஆமா” என்றான். “எழுதியிருக்கலாம்.”

தானும் கேட்டிருக்கலாம் என்று அவனும் சொல்வான் என்று ஒரு நிமிஷம் காத்திருந்து பார்த்தாள். சொல்லவில்லை. அவன் கண் பட்டறைக்குள் எதையோ அளந்துகொண்டிருந்தது.

“இதைத் திருப்பி மடிக்க முடியாதா?”

“ஒருதரம் மடிச்ச இடத்துல எதிர்ப்பக்கம் மடிச்சா விண்டுபோகும். எங்க கம்பெனியும் பூட்டியாச்சு, சனிக்கிழமை அரை நாள்தான்.” பட்டறைக்குள் கை காட்டினான். “அந்த மேசை மேல இருக்கிறது என்ன கனம்?”

அவள் பசை தடவும் மேசையின் மேல் ஒரு துத்தநாகம் பூசிய தகடு அறைந்திருந்தது. பட்டறை தொடங்கிய நாளிலிருந்து அதன் மேல்தான் எல்லாம் நடந்தது. எத்தனை புத்தகத்தின் பசை அதில் காய்ந்து, சுரண்டி, மறுபடி காய்ந்ததோ தெரியாது.

“அது முடியாது” என்றாள்.

“சரி.”

மணி ஒன்று இருபது. அவள் மேசைக்கு அருகே போய் நின்றாள். மேசை இருந்து மூட்டை வராவிட்டால் எதைத் தடவப்போகிறோம் என்று யோசித்தாள். அதற்கு அதிக நேரம் தேவைப்படவில்லை. ஆணி பிடுங்கும் கம்பியை எடுத்து அவனிடம் கொடுத்துவிட்டு, கழிவு அட்டைக் குவியலைக் கிளறி எண்ணெய்க் கறை படிந்த பழைய மாதிரியைத் தேடி எடுத்தாள்.

தகடு முனகிக்கொண்டே மேசையை விட்டு வந்தது. மாதிரி அட்டையை அதன் மேல் விரித்து வைத்து ஆணி முனையால் கோடு கிழித்தாள். தம்பி பையிலிருந்து தடித்த பேனாவை எடுத்து நடுவில் உள்ளங்கை அகல எழுத்தில் ‘மேல்’ என்று எழுதினான். அவள் பேனாவை வாங்கித் தகட்டைப் புரட்டி மறுபக்கத்தில் ‘கீழ்’ என்று எழுதினாள். யாரும் சிரிக்கவில்லை.

தகரக் கத்திரியால் அவன் வெட்டி, போல்ட்டுக்கு மூன்று துளையும் தண்ணீர் வடிய ஒரு துளையும் போட்டான். மடிக்க மிஷின் இல்லை. புத்தகங்களை அழுத்தி வைக்கும் திருகுப் பிரஸ்ஸைக் காட்டினாள். இரண்டு கனத்த பலகைகளுக்கு நடுவே தகட்டைக் கோடு வரை இறக்கித் திருகை இறுக்கினால் பாறையில் முளைத்த மாதிரி நின்றது. வெளியே நீண்ட பாகத்தை அவள் கையால் சாய்த்துப் பிடிக்க, அவன் மரச்சுத்தியால் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை சின்னச் சின்னதாக அடித்துக்கொண்டே போனான். பலகையின் விளிம்பில் வடு விழுந்தது. ஒவ்வொரு அடிக்கும் அவளுக்குப் பல் கூசியது. இனி அந்தப் பலகையில் அழுத்துகிற ஒவ்வொரு புத்தகத்தின் முதுகிலும் அந்த வடு பதியும். பலகையை மாற்ற வேண்டும். அதைப் பிறகு பார்க்கலாம்.

மூலைகளில் அவன் வெட்டி ரிவிட் அடிக்கப் போனபோது அவள் தடுத்தாள். அட்டையின் மூலையைத் துணியால் மூடுகிற மாதிரி, அதிகப்படி தகரத்தை முக்கோணமாக உள்ளே மடித்துப் படிய வைத்தாள். தோல் முதுகைத் தட்டி வளைக்கிற சுத்தியலால் இரண்டு தட்டு.

“இதுல ரிவிட்டே வேணாமே” என்றான்.

“போடு. எனக்கு நம்பிக்கை இல்ல.”

“உனக்கு யார் மேலதான் நம்பிக்கை?” என்று தொடங்கி, நிறுத்திக்கொண்டான். அவளுக்கு அந்த வாக்கியத்தின் மிச்சம் என்னவென்று தெரியும். சொல்லியிருக்கலாம் அவன். பேச்சே இல்லாமல் அவன் வேலை செய்வது, ஓடுகிற கடிகாரம் நின்றுபோன அறை மாதிரி அவளைத் தொந்தரவு செய்துகொண்டிருந்தது.

“டீ குடிக்கிறியா?” என்றாள்.

“நேரம் இருக்கா?”

“இல்ல.”

“அப்புறம் எதுக்கு கேக்கிற? இந்தப் பக்கம் பிடி.”

மூன்றே காலுக்குத் தட்டு எஞ்சினுக்குள் இறங்கியது. சுவரோடு ஒட்டியது. போல்ட் முதலாவது ஏறியது, இரண்டாவது ஏறியது, மூன்றாவதுக்குத் துளையை ஒரு நூல் அகலம் அரத்தால் விரிக்க வேண்டியிருந்தது. ரப்பர் விரிப்பைக் கறுப்புத் தட்டிலிருந்து எடுத்துக் கவிழ்த்துப் போட்டாள். ரப்பருக்கு உள் வெளி கிடையாது, பொருந்திவிட்டது. பேட்டரியை வைத்து, மேலே ஒரு பட்டை போட்டு, இருபுறமும் மறை முடுக்கினான். தம்பி இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினான். வண்டிதான் ஆடியது.

நிலையத்துக்குள் நுழையும்போது மணி மூன்று ஐம்பது. வாசல்காரர் ஏற்கெனவே கதவுக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிட்டார். அவர்களுக்கு முன்னால் ஒரு லாரி, பின்னால் ஒரு கார். பரிசோதகரின் கழுத்தில் அதே பேனா தொங்கியது. அவளை அடையாளம் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. பழைய தாளை வாங்கிப் பெருக்கல் குறி போட்ட கட்டத்தைப் பார்த்தார்.

“திறங்க.”

திறந்தாள். அவர் டார்ச்சைக்கூட எடுக்கவில்லை. எஞ்சினுக்குள் ஒரு கையை நீட்டி, இரண்டு விரலால் பேட்டரியின் தலையைப் பிடித்து ஒரு தள்ளு, ஒரு இழுப்பு. அவ்வளவுதான். கையை எடுத்துத் துணியில் துடைத்துக்கொண்டு, தாளில் சரிக்குறி போட்டு, முத்திரை குத்தி நீட்டினார்.

“அடுத்தது.”

அவள் நகரவில்லை. “சார், தட்டைப் பார்க்கலையே நீங்க.”

“பாத்தேனே.”

“டார்ச் அடிச்சுப் பார்க்கல. போன தடவை அடிச்சீங்க. மூலையெல்லாம் மடிச்சு... அடியில தண்ணி வடியத் துளை இருக்கு சார். கொஞ்சம் குனிஞ்சீங்கன்னா தெரியும்.”

“ஆடுதா?”

“இல்ல.”

“ஆடாததை நான் பார்க்கிறதில்லம்மா. ஆடுறதைப் பார்க்கவே நேரம் பத்தல. வண்டிய எடுங்க, பின்னால ஆள் நிக்குது.”

பானெட்டை மூடினாள். அது ஒரே அறையில் பொருந்தி மூடியது. ஓட்டுநர் இருக்கையில் ஏறி, முத்திரைத் தாளை மடியில் வைத்துக்கொண்டு, எஞ்சினைக் கிளப்பினாள். இரும்புக் கதவைத் தாண்டி ஒரு தெரு வந்தார்கள்.

“ஒரு தடவை” என்றான் தம்பி. “ஒரே ஒரு தடவை குனிஞ்சு பாத்திருந்தா என்ன, குறுக்கு ஒடிஞ்சா போயிடும் அந்த ஆளுக்கு? மனுஷன் எலும்பு தேய ரெண்டு தட்டு செஞ்சிருக்கேன். ரெண்டு! ஒண்ணையாவது பாத்தானா? கதவத் தட்டிப் பார்க்கிற மாதிரி ரெண்டு விரலால... இவனெல்லாம் பரிசோதகர்னு வெளியில சொன்னா வெக்கக்கேடு. நான் கேக்கிறேன்...”

அவன் கேட்டுக்கொண்டே போனான். அவள் தடுக்கவில்லை. ஒரு சிக்னலில் நின்றபோது பைக்குள் போன் அடித்தது. கணவர்.

“என்னாச்சும்மா?”

“ஆடலையாம்.”

“என்னது ஆடல?”

“தட்டு. ஆடலையாம். முத்திரை போட்டாச்சு.” பச்சை விழுந்தது. பின்னால் இருந்தவன் ஹாரன் அடித்தான். “அந்த அச்சகத்துல நான் வரலன்னு சொல்லிடுங்க. நான் சொல்ல மாட்டேன். கேட்டது நீங்கதானே, நீங்களே சொல்லுங்க.”

“அவரு ரொம்ப நல்ல மனுஷன்மா, திடீர்னு எப்படி...”

அவள் போனைத் தம்பியின் கையில் திணித்துவிட்டுக் கியரைப் போட்டாள். தம்பி அதைக் காதில் வைத்துக்கொண்டு, முதலில் இருந்து, அதாவது கோடு உள்ளேயா வெளியேயா என்பதிலிருந்து, மாமாவுக்கு விளக்க ஆரம்பித்தான்.